காய்ந்த போர்வெல்லிலிருந்து கேசிங்கை உருவலாமா? எண்ணெய்க் கிணற்று ஸ்பியர் என்கிறார் இரும்பு வியாபாரி

தாரமங்கலத்தான்:
வணக்கம். தாரமங்கலத்துக்கு மேற்கே எங்கள் தோட்டத்தில் 6.5 அங்குல ஆழ்துளைக் கிணறு ஒன்று காய்ந்துபோய்க் கிடக்கிறது. மொத்த ஆழம் 700 அடி. மேலே 60 அடிக்கு இரும்புக் கேசிங், அதாவது மண் சரியாமல் தாங்கும் குழாய்; 7 அங்குலம், 5 மி.மீ. கனம். அதற்குக் கீழே முழுவதும் பாறை. மோட்டாரையும் குழாய்களையும் முன்பே எடுத்துவிட்டோம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய இரும்பு வாங்கும் ஒருவர் வந்து பார்த்தார். கேசிங்கைத் தானே உருவிக்கொள்வதாகவும் கிலோவுக்கு 30 ரூபாய் தருவதாகவும் சொல்கிறார். கையோடு ஒரு கருவியையும் கொண்டுவந்தார். இரண்டரை அடி நீளம், நடுவில் கூம்பு, சுற்றிலும் பல் வெட்டிய மூன்று இரும்புத் துண்டுகள். "எண்ணெய்க் கிணற்றில் கேசிங் உருவுகிற சாமான் இது, ஸ்பியர் என்று பெயர். அங்கே ஆயிரக்கணக்கான அடி உருவுகிறார்கள், உங்கள் 60 அடி எம்மாத்திரம்?" என்றார். நம்பலாமா? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

துளைவண்டி:
நமக்குத் திருச்செங்கோடு. ரிக் வண்டியோடு சேலம் மாவட்டம் முழுக்கச் சுற்றியவன். அண்ணா, முதலில் ஒரு கேள்வி. கேசிங் வாய் தரைக்கு மேலே நிற்கிறதா? ஓர் அடி நின்றாலே ஸ்பியர் எதற்கு? வெளிப்பக்கம் கிளாம்ப் மாட்டி, இரண்டு பக்கமும் காது போல இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்து, அடியில் கட்டைகொடுத்து 50 டன் ஜாக்கி இரண்டு வைத்து ஏற்றினால் வர வேண்டியது வந்துவிடும். அதற்கு வராதது ஸ்பியருக்கும் வராது.

போர் போட்ட அன்றைக்கே தண்ணீர் இல்லை என்று தெரிந்தால் வண்டியிலேயே கேசிங்கை உருவி அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவோம். வருடக்கணக்காக மண்ணுக்குள் இருந்த குழாய் வேறு கதை.

கடல்மேடை:
வியாபாரி சொல்வதில் பாதி உண்மை. நான் மும்பை ஹை கடல் எண்ணெய்க் களத்திலும் பிறகு வளைகுடாவிலும், கிணற்றுக்குள் சிக்கியதை மீட்கும் பிஷிங் கருவிகளோடு வேலை பார்த்தவன்; இப்போது அம்மாபேட்டையில் ஓய்வில் இருக்கிறேன். அதனால் இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

கேசிங் ஸ்பியர் குழாய்க்குள் இறங்கி, உட்சுவரை உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்திப் பிடிக்கிற கருவி. நடுத்தண்டில் சரிவு வெட்டியிருக்கும். அந்தச் சரிவின்மேல் பல் வைத்த பிடித்துண்டுகள் உட்கார்ந்திருக்கும். இறக்கும்போது அவை ஒடுங்கி இருக்கும். வேண்டிய ஆழம் வந்ததும் தண்டை இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினால் துண்டுகள் சுவரைத் தொடும். அப்புறம் மேலே இழுக்க இழுக்கச் சரிவு அவற்றை வெளியே தள்ளும். இழுப்பு கூடினால் பிடியும் கூடும். விட வேண்டுமென்றால் கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டிக் கடியைத் தளர்த்தி, வலப்பக்கம் சுற்றிக்கொண்டே மெல்ல உயர்த்த வேண்டும். வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் நாங்கள் முதலில் பார்ப்பது இந்த விடுவிக்கும் வழியைத்தான்.

இனி மற்றப் பாதி. எண்ணெய்க் கிணற்றில் கேசிங்கை யாரும் அடியோடு பிடுங்குவதில்லை. பிடுங்கவும் முடியாது. கேசிங்குக்கும் துளைச் சுவருக்கும் இடையில் சிமெண்ட் ஏற்றியிருப்பார்கள். அந்தச் சிமெண்ட் எதுவரை ஏறியிருக்கிறது, எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஒலிக்கருவியை உள்ளே விட்டுப் பதிவு எடுப்போம். சிமெண்டுக்கு மேலே, பிடிப்பில்லாத இடத்தில் குழாயை உள்ளிருந்தே வெட்டுவோம். வெட்டும் கருவியில் மூன்று கத்திகள் மடங்கிக் கிடக்கும். பம்பு அழுத்தம் ஏறினால் விரியும், சுற்றச் சுற்ற அறுக்கும். அறுத்த பிறகுதான் ஸ்பியருக்கு வேலை. வெட்டுக்குக் கீழே உள்ள கேசிங் பூமிக்கே சொந்தம்.

ஏற்காட்டு மிளகு:
படிக்கும்போது வீட்டுக் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி நினைவுக்கு வருகிறது. அதன் பேரனா இது?

கடல்மேடை:
குடும்பம் ஒன்றுதான், அம்மா. ஆனால் பாதாளக் கரண்டி கொக்கியில் மாட்டித் தூக்கும். ஸ்பியருக்கு மாட்ட இடமே வேண்டாம். வழவழப்பான உட்சுவர் போதும். வெளிப்பக்கம் பிடிக்கும் கருவியும் உண்டு, ஓவர்ஷாட் என்போம். உடைந்த குழாயின் தலைமேல் தொப்பியாகக் கவிந்து பிடிக்கும். கேசிங்கைச் சுற்றி அப்படிக் கவிய இடம் கிடைப்பது அரிது. அதனால்தான் உள்ளே போகிறோம்.

கஞ்சமலை:
நான் கட்டுமானப் பொறியாளன், போர்வெல்காரன் அல்ல. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 7 அங்குலம், 5 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோ. 60 அடிக்கு 390 கிலோ. துரு தின்றதைக் கழிக்காமலே 11,700 ரூபாய். வெல்டர் கூலி, ஜாக்கி வாடகை, ஆள் கூலி, வண்டி வாடகை எல்லாம் இதற்குள்ளே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்த வியாபாரி எதற்காக இவ்வளவு ஆர்வமாக இருக்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

துளைவண்டி:
புரியாததற்கு என்ன இருக்கிறது? அவர் 390 கிலோவையும் எடை போடமாட்டார். துரு, மண் என்று நூறு கிலோவைக் கழிப்பார். நேரான குழாய் வந்தால் பழைய இரும்பாகப் போடாமல் அடுத்த போருக்குக் கேசிங்காகவே விற்பார். அங்கே விலை வேறு.

தாரமங்கலத்தான்:
அப்படியும் இருக்கலாம். 390 கிலோதானே, இரண்டு ஜாக்கி எதற்கு, ஒரு சங்கிலிக் கப்பியே தூக்குமே என்று என் மைத்துனர் கேட்கிறார்.

கடல்மேடை:
மைத்துனரிடம் சொல்லுங்கள்: குழாயின் எடை பெரிய சங்கதி அல்ல, மண்ணின் பிடிதான் பெரிய சங்கதி. 7 அங்குலக் குழாயின் வெளிச்சுற்று 56 செ.மீ. அதை 18 மீட்டரால் பெருக்கினால் 10 சதுர மீட்டர் பரப்பு மண்ணோடு ஒட்டியிருக்கிறது. சதுர மீட்டருக்கு ஒரு டன் மட்டுமே பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 10 டன். களிமண்ணாக இருந்தால் அதைவிடக் கூடும். முதல் அங்குலம் அசையும் வரைதான் இந்த மல்லுக்கட்டு. அசைந்துவிட்டால் பிடி சட்டென்று குறையும்.

எங்கள் பக்கத்துக் கணக்கு நேர்மாறு. 9⅝ அங்குலக் கேசிங், அடிக்கு 47 பவுண்டு வகை, மீட்டருக்கு 70 கிலோ. ஆயிரம் மீட்டர் வெட்டி எடுத்தால் எடையே 70 டன். கிணற்றுக்குள் நிரப்பியிருக்கும் சேற்றுத் திரவத்தில் மிதப்பதால் ஒரு பத்து டன் குறையும். பிடிப்பு அதற்கு மேலே. கேசிங்குக்கு வெளியே பல ஆண்டு தேங்கிய சேற்றிலிருந்து எடைக்காகக் கலந்த பாரைட்டுக் கல்தூள் படிந்து இறுகியிருக்கும். அது சிமெண்டே தேவலை என்கிற அளவுக்குப் பிடிக்கும்.

எதுவரை பிடிப்பில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு, எனக்கு இன்றும் பிடித்த வழி. மேலிருந்து அளவாக இழுத்து, குழாய் எவ்வளவு நீள்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு அளப்பது. இரும்பு நீளும். நான் சொன்ன அதே கேசிங்கில் கூடுதலாக 30 டன் இழுத்து அது 17 செ.மீ. நீண்டால், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வரை குழாய் விடுபட்டு நிற்கிறது என்று பொருள். பாதிதான் நீண்டால் ஐந்நூறு மீட்டரில் எதுவோ பிடித்திருக்கிறது. கருவியே இறக்காமல் ஒரு கோட்டை வைத்துச் சொல்லிவிடலாம். வெறும் இழுப்புக்கு வராவிட்டால் ஸ்பியருக்கு மேலே ஜார் என்றொரு கருவி சேர்ப்போம். அதற்குள்ளிருக்கும் எண்ணெய் சிறிய வழியாகக் கசிந்து முடிந்ததும் தண்டு திடீரென்று விடுபட்டு மேல்நோக்கி ஓர் அடி அடிக்கும். மேடையே குலுங்கும்.

துளைவண்டி:
ஐயா, எல்லாம் சரி. கடலில் நடப்பதைத் தாரமங்கலத்தில் கேட்டு என்ன செய்வது? இங்கே குழாய் எங்கே அறுகிறது தெரியுமா? வெல்டிங்கில். இருபது அடிக் குழாய் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, இரவு இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அரைகுறையாகப் பற்றவைத்து இறக்கியிருப்பான். இழுக்கும்போது அந்த இணைப்பு அறும். மேல் துண்டு கையோடு வரும். கீழ்த் துண்டு உள்ளேயே இருக்கும்.

கடல்மேடை:
அப்படி அறுந்தால்தான் தம்பி, ஸ்பியருக்கு வேலை. தரைக்கு 20 அடி கீழே இருக்கும் குழாயை வெளியிலிருந்து எந்தக் கிளாம்பு பிடிக்கும்? ஆனால் இங்கே வேறொரு சிக்கல். ஸ்பியர் குழாயை உள்ளிருந்து விரிக்கிறது. எங்கள் 9⅝ கேசிங்கின் சுவர் 12 மி.மீ. தடிமன், நீளவாக்கில் பற்றவைத்த தையலில்லாக் குழாயும் கிடைக்கும். உங்கள் 5 மி.மீ. குழாய் தகட்டை வளைத்துப் பற்றவைத்தது. உள்ளே துரு செதில் செதிலாக நிற்கும். பல் முதலில் துருவைக் கடிக்கும், துரு உதிரும், ஸ்பியர் வழுக்கும். மீறி இழுத்தால் தையல் வாய் பிளக்கும். அதனால் உள்சுவரைக் கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகே இறக்க வேண்டும். அறுந்த விளிம்பிலேயே பிடிக்காமல் இரண்டு மூன்று அடி உள்ளே போய்ப் பிடிக்க வேண்டும்.

தாரமங்கலத்தான், அந்தக் கருவியை மறுபடி பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். பற்களின் தட்டைப் பக்கம் மேல்நோக்கி இருக்க வேண்டும், விளிம்பு மழுங்காமல் இருக்க வேண்டும். அடுத்து, பிடித்த பிறகு எப்படி விடுவிப்பது என்று அவரிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அது லேத்தில் ஆசைக்குக் கடைந்த சாமான். குழாயும் வராமல் கருவியும் வராமல் கிணற்றின் வாயில் கம்பி தொங்கிக்கொண்டிருக்கும்.

ஏற்காட்டு மிளகு:
இங்கே நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மலையில் மேல்மண் ஆழம். நடு நடுவே சிதையாத சார்னகைட் என்ற கடும்பாறை உருண்டைகள் அப்படியே மண்ணுக்குள் கிடக்கும். கேசிங் அந்த உருண்டைகளுக்கு இடையில் நெளிந்துதான் இறங்கியிருந்தது. காய்ந்த போர் என்று ஒருவர் வந்து ஜாக்கி வைத்து உருவினார். 30 அடி வந்தது. மீதி வரவில்லை, அறுத்துக்கொண்டு போய்விட்டார். துளையை மூடச் சொன்னோம், நாளைக்கு என்றார். அடுத்த மழையில் வாய் இடிந்து உள்வாங்கியது. ஆறரை அங்குலத் துளை, ஒரு ஆள் இறங்கும் குழியாகிவிட்டது. பக்கத்தில் இருந்த சவுக்கு மரம் சாய்ந்தது. மிளகுக் கொடியோடு.

மரம் போகட்டும். அந்தப் பாதையில்தான் பழம் பறிக்கும் பெண்கள் விடிகாலையில் பனிமூட்டத்தில் போவார்கள்.

நெறியாளர்:
இந்த இடத்தில் குறுக்கிட வேண்டியிருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியிலேயே வழிகாட்டுதல் தந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் திருத்தியும் இருக்கிறது. கைவிடப்பட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல், துளையிட்ட தூள் போன்றவற்றால் நிரப்ப வேண்டும் என்பது அதில் தெளிவாக உள்ளது. பயன்பாட்டில் உள்ள கிணற்றுக்கு வாயில் இரும்புத் தகடு மூடி, சுற்றிச் சிமெண்ட் மேடை. ஆகவே கேசிங்கை உருவுவது பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். நிரப்புவதைச் சொல்லாமல் உருவும் வழியை மட்டும் சொல்லும் பதிவுகளை நீக்குவேன்.

கஞ்சமலை:
நிரப்பத்தான் வேண்டுமா? மழைநீரை உள்ளே விட்டு நிலத்தடி நீரைச் செறிவூட்ட இந்தக் கிணற்றைப் பயன்படுத்தலாமே. கேசிங்கை இருக்கிற இடத்திலேயே விட்டு, சுற்றிக் குழி எடுத்து, ஜல்லியும் மணலும் பரப்பி, வடிகட்டிய நீரை உள்ளே விட்டால் அரசுக்கும் மகிழ்ச்சி, பக்கத்துத் தோட்டத்துக்கும் மகிழ்ச்சி.

துளைவண்டி:
எல்லா வறண்ட போரும் தண்ணீரைக் குடிக்காது, சார். பாறையில் விரிசல் இருந்தால்தான் உள்ளே போகும். விரிசலே இல்லாமல் காய்ந்த போரில் ஊற்றினால் சொம்பில் ஊற்றியது போல நின்றுவிடும். ஒரு டேங்கர் தண்ணீரை ஊற்றி, மட்டம் இறங்குகிறதா என்று மறுநாள் வரை பாருங்கள். இறங்கினால் செறிவூட்டலாம், அப்போது கேசிங்கைத் தொடக் கூடாது. நின்றால் நிரப்பி மூடுங்கள்.

தாரமங்கலத்தான்:
ஊற்றினோம். மறுநாள் காலையிலும் கயிற்றில் கட்டிய கல் அதே முடிச்சில் நனைந்தது. செறிவூட்டல் இல்லை என்று ஆகிவிட்டது. இனி எது முதலில்? உருவுவதா, நிரப்புவதா? வியாபாரி, "உருவிய பிறகு மண்ணைத் தள்ளினால் போச்சு" என்கிறார்.

துளைவண்டி:
முதலில் உருவுவதுதான் வழக்கம். நிரப்பிவிட்டு இழுத்தால் உள்ளே இருக்கும் கல் இறுகிக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். கூடுதல் சுமை.

ஏற்காட்டு மிளகு:
வழக்கம் எங்கள் மரத்தைச் சாய்த்தது.

கடல்மேடை:
இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வழி நடுவில் இருக்கிறது. கேசிங்கின் அடிவாய் வரை, அதாவது தரையிலிருந்து 60 அடி கீழே வரும் வரை முதலில் நிரப்புங்கள். அதுவரை பாறை, இடியாது, கேசிங்கையும் பிடிக்காது. பிறகு இழுக்கத் தொடங்குங்கள். நான்கைந்து அடி உயர்ந்ததும் நிறுத்தி, உயர்ந்த அளவுக்கு உள்ளே நிரப்புங்கள். மறுபடி இழுங்கள். குழாயின் அடிவாய் எப்போதும் நிரப்பிய மட்டத்தை ஒட்டியே மேலேறினால் மண் இடிந்து விழ இடமே கிடைக்காது.

எண்ணெய்க் கிணற்றிலும் மூடாமல் உருவ விடமாட்டார்கள். கீழே எண்ணெய் வரும் அடுக்குக்குச் சிமெண்ட் அடைப்பு போட்டு, அழுத்தம் ஏற்றிச் சோதித்த பிறகே வெட்டு. உருவிய பிறகு, வெட்டிய வாய்க்குக் கீழும் மேலும் பரவும்படி இன்னொரு அடைப்பு. பல சமயம் இரும்புக்காக உருவுவதே இல்லை. வெளிப்பக்கச் சிமெண்ட் சரியில்லை என்றால், புதிய அடைப்பு நேராகப் பாறையைத் தொட வேண்டும். அதற்காகத்தான் குழாயை எடுக்கிறோம். கடல் மேடையில் வேறொரு காரணமும் உண்டு. கிணற்று வாய்கள் எண்ணி வைத்தவை. பழையதை மேல்பகுதி மட்டும் உருவிவிட்டு, அதே வாயிலிருந்து பக்கவாட்டில் புதிய கிணறு தோண்டுவார்கள்.

வெறும் இரும்புக்காக உருவிய காலமும் இருந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா, ஒக்லஹோமா பக்கம் அது தனித் தொழில். இரண்டாம் உலகப் போரில் இரும்புத் தட்டுப்பாடு வந்தபோது பென்சில்வேனியாவின் பழைய கிணறுகளிலிருந்து கேசிங்கை உருவி உருக்குக்கு அனுப்பினார்கள். 1859இல் டிட்டஸ்வில்லில் அமெரிக்காவின் முதல் வணிக எண்ணெய்க் கிணறு வந்த மாநிலம். அதன் பிறகு தோண்டியவற்றுக்குக் கணக்கே இல்லை. இன்று அந்தக் கிணறுகள் மீத்தேன் கசிகின்றன. தேடிப் போகிறவர்கள் காந்தமானி கொண்டு இரும்பைத் தேடுகிறார்கள். உருவிவிட்ட கிணற்றில் காட்டிக்கொடுக்க இரும்பு இல்லை.

கஞ்சமலை:
காந்தமானி என்றதும் சொல்லத் தோன்றுகிறது: எங்கள் கஞ்சமலையில் அதைக் கொண்டுவந்தால் மலை முழுவதும் கிணறு என்று காட்டும். காந்தக்கல் மலை. சரி, நிரப்பக் கணக்கு. 640 அடிக்கு 6.5 அங்குலத் துளை நாலு கன மீட்டருக்குச் சற்று மேல். ஒன்றரை யூனிட். பெரிய ஜல்லி போட்டால் நடுவழியில் குறுக்காக மாட்டி, மேலே நிரம்பியது போல ஏமாற்றும். போர்த்தூளும் மணலும் கலந்து, மெதுவாக. அரை யூனிட்டிலேயே மேலே வந்துவிட்டால் உள்ளே எங்கோ வெற்றிடம் நிற்கிறது என்று அர்த்தம்.

துளைவண்டி:
இது நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். நிரப்பி நிரப்பி உருவுவதை நான் செய்ததில்லை, ஆனால் முடியாத வேலை இல்லை. அண்ணா, ஆள் கிடைக்காவிட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள். ஓமலூரில் வண்டி நிற்கிறது, ஜாக்கி என்னிடமே உண்டு. ஒன்று மட்டும். ஜாக்கி ஏற்றும்போது குழாய்க்கு நேரே யாரும் குனிந்து பார்க்கக் கூடாது. காது வெல்டிங் விட்டால் கிளாம்ப் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

தாரமங்கலத்தான்:
வேலை முடிந்தது. வியாபாரியிடம் விடுவிக்கும் வழியைக் கேட்டேன். "விடுவிக்க வேண்டிய தேவையே வராது" என்றார். அத்தோடு அவரை அனுப்பிவிட்டேன்.

துளைவண்டித் தம்பி வந்தார். முதலில் ஒன்றரை யூனிட் போர்த்தூளும் மணலும் இறங்கின; கயிற்றில் கல் கட்டி அளந்தோம், 62 அடியில் தட்டியது. ஜாக்கி வைத்தபோது நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை; தரையில் வைத்த கட்டைதான் மண்ணுக்குள் அமுங்கியது. கட்டைக்கு அடியில் தகடு போட்டு மறுபடி ஏற்றியதும் தோட்டா வெடித்தது போல ஒரு சத்தம், குழாய் கட்டைவிரல் அகலம் உயர்ந்தது. பிறகு நாலு அடிக்கு ஒரு முறை நிறுத்தி நிரப்பினோம். பதினாறு அடி உயர்ந்தபோது இணைப்பில் அறுந்தது, அவர் சொன்ன அதே வெல்டிங். ஒரு துண்டு வெளியே, இரண்டு துண்டு உள்ளே.

கடல்மேடை:
இப்போது ஸ்பியர் இறக்கலாம். உண்மையான ஸ்பியர் ஒன்று எனக்குத் தெரிந்த இடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். விசாரிக்கட்டுமா?

கஞ்சமலை:
250 கிலோ துருப்பிடித்த இரும்புக்கா, ஐயா?

தாரமங்கலத்தான்:
வேண்டாம், ஐயா. நிரப்பி நிறுத்திய மட்டத்திலிருந்து தரை வரை களிமண் போட்டு இடித்து மூடிவிட்டோம். ஊராட்சி அலுவலகத்திலும் எழுதிக்கொடுத்துவிட்டேன். வெளியே வந்த துண்டு வாசல் கேட்டுக்குத் தூணாகப் போகிறது.

துளைவண்டி:
நிரப்பியது முதல் மழைக்கு ஓரிரு அடி அமுங்கும். ஐந்தாறு சட்டி களிமண்ணைப் பக்கத்திலேயே குவித்து வையுங்கள். அமுங்க அமுங்கப் போட்டு இடித்துவிடுங்கள். வெல்டர் கூலி இன்னும் பாக்கி, அண்ணா.